இரண்டாவது சிரிப்பு

தெலுங்கு பேசும் குகட்பள்ளியில் எங்கள் காலனித் தமிழர்களுக்குப் பொங்கல் என்றால் பட்டிமன்றம் இருந்தாக வேண்டும். அந்த வருஷத் தலைப்பு, நாட்டுக்கு நல்லது அணுமின்சாரமா, சூரிய மின்சாரமா. அணுவுக்கு என் கணவர். அணுமின் நிலையங்களுக்குக் கருவிகள் செய்யும் இடத்தில் பொறியாளர். சூரியனுக்கு என் தம்பி. மொட்டைமாடிகளில் சோலார் தகடு பொருத்துகிறவன். அத்தானும் மச்சினனும் மோதினால் களைகட்டும் என்பது காலனிச் சங்கச் செயலாளரின் யோசனை. அந்த மனிதரை இன்று பார்த்தாலும் எனக்குக் கை துறுதுறுக்கிறது.

இந்த ஊர்ப் பட்டிமன்றத்தில் ஒவ்வொரு ஜோக்குக்கும் இரண்டு சிரிப்பு. தமிழ் தெரிந்தவர்கள் முதலில் சிரிப்பார்கள். இங்கேயே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் "ஏமன்னாரு?", என்ன சொன்னார் என்று அம்மாவைக் கேட்டு, தெலுங்கில் விளக்கம் வாங்கிக்கொண்டு அப்புறம் சிரிப்பார்கள். கிண்டல் வாங்கியவரும் கூடச் சிரித்தாக வேண்டும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் தோற்றதாக அர்த்தம்.

என் கணவர் நன்றாகத்தான் பேசினார். சூரியன் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடும், ராத்திரி ஆஸ்பத்திரியை யார் ஓட்டுவது என்று கேட்டார். அதற்குத்தான் பேட்டரி வந்துவிட்டதே என்றான் தம்பி. அணுக்கழிவை யார் வீட்டுக் கொல்லையில் புதைப்பது என்றும் கேட்டான். அதோடு நிறுத்தியிருக்கலாம். வந்த கைதட்டல் அவனுக்குப் போதவில்லை. மேடையேறினால் அவனுக்குத் திருநெல்வேலித் தமிழ் தன்னாலே வந்துவிடும்.

"அத்தான் ஊருக்கெல்லாம் வெளிச்சம் குடுக்காவ. ஆனா அவுக வீட்டுல ஒரு தொட்டில் ஆடல. அணுவப் பத்தி இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

கூட்டம் சிரித்தது. எனக்கு இரண்டு முறை கரு கலைந்திருந்தது. இவர் வேலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் தெளிவாகச் சொன்னபோது, என் கட்டிலருகே உட்கார்ந்திருந்தவன் இந்தத் தம்பிதான். மேடையில் என் கணவர் முறைப்படி சிரித்துக்கொண்டிருந்தார். என் பின்வரிசையில் ஒரு தாய் தெலுங்கில் விளக்க ஆரம்பித்தாள்: அந்த அத்தைக்குப் பாப்பா பிறக்கவே இல்லையாம். பிறகு பிள்ளைகள் சிரித்தார்கள்.

மேடை ஏறியது நினைவில்லை. மைக் ஸ்டாண்டின் கனம் நினைவிருக்கிறது. முதல் அடி நெற்றியில் விழுந்தது. தடுக்க நீட்டிய கையில் அடுத்தது. எலும்பு முறிந்த சத்தம் ஒலிபெருக்கியிலேயே கேட்டது. அவன் விழுந்த பிறகும் நான் விடவில்லை. பொங்கல் வேட்டி முழுக்க ரத்தம். செயலாளர் என் பின்னலைப் பிடித்து இழுத்தார், அவர் கையைக் கடித்துவிட்டேன். கடைசியில் என் கணவர்தான் இடுப்போடு சேர்த்துத் தூக்கி என்னைக் கீழே இறக்கினார்.

தம்பியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பிவிட்டு நாங்கள் வீட்டுக்கு வந்தோம். ஆத்திரம் எனக்கு அடங்கவே இல்லை. உங்களைப் போய் அப்படிச் சொல்ல அவனுக்கு எப்படி நாக்கு வந்தது, அந்த நாக்கை அறுத்திருக்க வேண்டும் என்று கத்தினேன். அவர் குழாயைத் திறந்து என் கைகளிலிருந்த ரத்தத்தைக் கழுவிவிட்டார். அழுந்தத் தேய்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நான் தெனமும் நெனைக்கத அவன் ஒரு நாள் சொல்லிட்டான். அதுக்குப் போயி அவன அடிச்சிட்டியே."

ஈரக் கையை உருவி அவரையும் அறைந்தேன். அவர் தடுக்கவில்லை.