எங்கள் வீடு இல்லாத இரண்டு பட்டியல்கள்

காலை ஒன்பது மணி பத்து நிமிடம். எங்கள் குடும்பம் கிராமப் பட்டியலில் இல்லை என்று பிரதேச செயலகத்தின் எழுதுவினைஞர் சொன்னபோது, அவருடைய தலைக்கு மேலிருந்த கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் பக்கத்தில் நின்றாள். இரண்டு நாளில் அவளுக்குக் கல்வியியற் கல்லூரியில் நேர்முகப் பரீட்சை. வதிவிடச் சான்றிதழ் இல்லாதவர்கள் வரவேண்டாம் என்று கடிதத்தில் தெளிவாக எழுதியிருந்தது.

பெயரை வெட்டச் சொன்னவன் நான்தான். அதை அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வந்தவர்கள் நாங்கள். புத்தளத்தில் கற்பிட்டி வீதியோரம் கிடைத்த காணியில் குடியேறி, விட்டுவந்த ஊரின் பெயரையே அதற்கும் வைத்தோம். அரசாங்கப் பட்டியலில் அந்தப் பெயர் கிடையாது. பக்கத்து உப்பளக் கிராமத்தின் சனத்தொகையில் எங்களையும் சேர்த்து எண்ணினார்கள். பல வருடங்களாக எங்களில் பலர் தென்னோலைக் கிடுகு வேலியை மதிலாக்கவில்லை. மதில் எழுப்பினால் திரும்பிப் போகமாட்டோம் என்று நாங்களே ஒத்துக்கொண்டதாகிவிடும் என்ற பயம்.

யுத்தம் முடிந்ததும் மன்னாருக்குப் பெயர் பதியப் போனேன். புத்தளத்தில் பெயர் இருக்கும்வரை பதிய முடியாது என்றார்கள். திரும்பி வந்து, எங்கள் கிராம அலுவலரிடம், நாங்கள் விதானை என்று சொல்லும் அந்த மனிதரிடம், முழுக் குடும்பத்தின் பெயரையும் வெட்டச் சொன்னேன். அண்ணன் முறையில் என்னை நானா என்று அழைப்பவர், போகத்தான் போகிறீர்களா என்று இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் ஓம் என்றேன். பிறகு மகளின் படிப்பு குறுக்கே வந்தது, போகவில்லை. மன்னாரில் ஆள் இருக்கிறதா என்று பார்க்க வந்தவர்கள் என் காணியில் முள் நிறைந்த உடைமரக் காட்டைத்தான் கண்டிருக்கிறார்கள். அங்கேயும் பெயரை வெட்டிவிட்டார்கள் என்பதைச் செயலக வாசலில் நின்று தொலைபேசியில் கேட்டு அறிந்தேன்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"என்னையும் சேத்தா வெட்டச் சொன்னீங்க, வாப்பா?"

ஓம் என்றேன். அவள் முகத்தை யன்னலுக்கு வெளியே களப்பு நீரின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சான்றிதழை எழுதித் தரவேண்டிய விதானை முந்தல் பக்கம் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். அவர் வீட்டில் சொல்லிவிட்டு வந்து காத்திருந்தோம். விஷயத்தைக் கேள்விப்பட்ட பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல. அப்ப இவ்வளவு காலமும் நாங்க ஜின்னுக்கா சலாம் சொன்ன?"

என் மனைவிக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் சிரிக்கவில்லை.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த பிறகுதான் விதானையின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சலாம் சொன்னவர் கதிரையில் உட்காரவில்லை. நேரே குசினிக்குப் போனார். ஆள் வாழ்கிற வீடா என்பதை அடுப்பைப் பார்த்துத்தான் எழுதுவது அவருடைய வழக்கம். சாம்பலுக்கு மேலே கையைப் பிடித்துச் சூடு பார்த்தார். கிணற்றடியையும் கொடியில் காய்ந்த துணிகளையும் பார்த்தார். நான் அவர் பின்னாலேயே நடந்தேன். பிறகு மகளிடம் பிறப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்கி வாசித்தார்.

"இவள் இங்க பொறந்து வளந்த புள்ள. இவளுக்கு எழுதித் தாறன்," என்றார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

எழுதி முடித்து முத்திரை குத்தினார். பேனாவை மூடாமல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்கள நான் எந்த ஊர்ல எழுத, நானா?"