ப்ளஃப் மலைக்கு ஒரு சுற்று

நெவின் டலோக் சாவியைத் திருப்பியதும் காருக்குள்ளிருந்து ஒரு ஜப்பான்காரி பேசுவாள். இரண்டே வாக்கியம். மரியாதையான, கொஞ்சம் கண்டிப்பான குரல். அவள் முடிக்கும்வரை நெவின் காத்திருப்பார். பிறகு, "சரிம்மா, பாத்துக்கறேன்" என்பார். அதற்கப்புறம்தான் கியரைத் தொடுவார். மழை கொட்டினாலும், வேலைக்கு நேரமானாலும், பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருந்தாலும் இதில் மாற்றம் கிடையாது. பன்னிரண்டு வருஷமும் அப்படித்தான்.

மெரியானாவுக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். நெவினுக்கு முன்னால் அந்தக் கார் அவளுடையது. அவள் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. "வாயை மூடு" என்று எப்போதாவது சொன்னதோடு சரி.

ஜப்பானில் சில வருஷம் ஓடிவிட்டுக் கப்பலேறி நியூசிலாந்துக்கு வந்த வெள்ளை ஹேட்ச்பேக் அது. மூன்று கதவு, சிவப்பு சீட்டு. கியர்க் கம்பு தரையிலிருந்து முளைக்காமல் டேஷ்போர்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். ஆறு கியர். எஞ்சின் ஆறாயிரம் சுற்றைத் தொடும்வரை தபால் வண்டி மாதிரி சாதுவாகப் போகும். தொட்டுவிட்டால் சத்தமே வேறு, வண்டியே வேறு. அலுமினிய உருக்காலையில் கிரேன் ஓட்டும் வேலை கிடைத்த முதல் வருஷம், இருபத்துமூன்று வயதில், மெரியானா அதை வாங்கினாள். அவள் வீட்டில் அதற்குமுன் ஆசைக்கென்று யாரும் கார் வாங்கியதில்லை. படகு இழுக்க, விறகு ஏற்ற என்றுதான் வாங்கியிருக்கிறார்கள்.

நியூசிலாந்தின் அந்தத் தென்கோடி தட்டையான பூமி. இன்வர்கார்கிலிலிருந்து ப்ளஃப் வரை இருபத்தேழு கிலோமீட்டரில் ஸ்டீயரிங்கைத் திருப்பவேண்டிய இடங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஆனால் அவள் வீடு இருக்கும் ப்ளஃப் ஊர் ஒரு மலையின் அடியில் இருக்கிறது. உச்சிக்கு ஏறும் ரோடு சின்னதுதான், ஆனால் முழுக்க வளைவு. ஷிஃப்ட் முடிந்ததும் மெரியானா நேராக வீட்டுக்குப் போகமாட்டாள். இரண்டாவது கியர், மூன்றாவது, மறுபடி இரண்டாவது என்று மாற்றி மாற்றி ஏறி, உச்சியில் ஐந்து நிமிஷம் நின்று காற்றில் அடிபட்டுவிட்டு இறங்குவாள். எதற்கு என்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த நேரத்தில் அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதுதான் விஷயமோ என்று பின்னால் தோன்றியது.

முதல் குழந்தை பிறந்ததும் கதை மாறியது. குழந்தை சீட்டைப் பின்பக்கம் பொருத்தப்போன அவள் புருஷன் ஹேமி உள்ளேயே மாட்டிக்கொண்டான்.

"மெரி, இழு. இடுப்பு வரமாட்டேங்குது."

"எந்தப் பக்கம் இழுக்கட்டும்?"

"எந்தப் பக்கமாவது. இல்லன்னா சாப்பாட்டை இங்கயே கொண்டாந்து குடு."

மறுநாள் விளம்பரம் கொடுத்தாள்.

வந்தவர்தான் நெவின். இறைச்சி ஆலையில் எலும்பு நீக்கும் பிரிவில் கத்தி பிடிப்பவர். நாற்பத்தொன்பது வயது. மனைவி இரண்டு வருஷம் முன்பு ஆஸ்திரேலியாவுக்குப் போனவள், திரும்பவில்லை. இருபது வருஷமாகச் சரக்கேற்றும் யூட் ஓட்டியவர், இனிமேல் ஏற்ற என்ன இருக்கிறது என்று நினைத்து வந்ததாகச் சொன்னார். காரைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். குனிந்து அடிப்பகுதியில் துரு இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு துறைமுகம் வரை அறுபதில் ஓட்டிப்போய் அறுபதில் திரும்பினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெரியானாவுக்குப் பொறுக்கவில்லை.

"கொஞ்சம் மிதிச்சுப் பாருங்க. ஆறாயிரம் தாண்டினாத்தான் வண்டியே தெரியும்."

"பாவம், எதுக்குப் போட்டு விரட்டணும். நல்லாத்தானே போகுது."

விலையில் பேரம் பேசவில்லை. கேட்டதைக் கொடுத்தார். மேற்கொண்டு ஒரு பெட்டி பியரை எடுத்து பானெட்மேல் வைத்தார். சாவியைக் கொடுக்கும்போது மெரியானாவுக்குக் கை கொஞ்சம் தயங்கியது.

"ஒரு நிபந்தனை இருக்கு நெவ்."

"சொல்லு பொண்ணே."

"வருஷத்துக்கு ஒரு தடவை இந்த மலைக்கு ஒரு சுற்று. நான் ஓட்டணும். அவ்ளோதான்."

"அதுக்கென்ன, தாராளமா." கையை நீட்டினார். கத்தி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை. அவள் குலுக்கினாள். "எப்ப வேணும்னாலும்."

"அவசரமில்ல. உங்களுக்கு எப்ப தோதோ அப்ப."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்தப் பக்கத்து மனிதர்களிடம் அவசரமில்லை என்று சொன்னால் அதை அப்படியே மதிப்பார்கள். சொன்ன பிறகு போய்க் கேட்டால் அது நச்சரிப்பு. கொடுக்கவேண்டியவர் தானாக எடுத்துக் கொடுத்தாலோ, நீ எதிர்பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகிவிடும். இரண்டையும் நல்ல மனிதர்கள் செய்யமாட்டார்கள். மெரியானாவும் நெவினும் நல்ல மனிதர்கள்.

மெரியானாவின் குடும்பத்துக்கு ஸ்டூவர்ட் தீவை ஒட்டிய ஒரு குட்டித் தீவில் டீட்டீ என்கிற கடற்பறவையின் குஞ்சு பிடிக்கும் உரிமை உண்டு. வருஷா வருஷம் ஏப்ரல், மே மாதங்களில் போய்ப் பிடித்து, உப்பிட்டு, வாளிகளில் அடைத்துக்கொண்டு வருவார்கள். கார் விற்ற அடுத்த ஜூனில் அவள் நாலு பறவையை எடுத்துக்கொண்டு நெவின் வீட்டுக்குப் போனாள். கார் வாசலில் நின்றது. அவள் வைத்திருந்த நாளில்கூட அது அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. கியர்க் குமிழைக் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி வேண்டுமென்றே கொஞ்ச நேரம் நின்றாள்.

"வண்டி எப்படி ஓடுது?"

"தங்கம். போன வாரம்தான் தகுதிச் சோதனை. ஒரு குறை சொல்லல."

"மலைப் பக்கம் போனீங்களா?"

"நான் எங்க மலைக்கு. வேலைக்கு, கடைக்கு. ஆலையில பசங்க புதுப் பொண்டாட்டி எப்படி இருக்கான்னு கிண்டல் பண்றானுங்க. முதல் பொண்டாட்டி மாதிரி இல்ல, கூப்பிட்டா பதில் சொல்றான்னு சொல்லிட்டேன்." பறவைகளை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். ஓர் ஆட்டுத் தொடையோடு திரும்பி வந்தார். "இந்தா. புள்ளைக்கு நல்ல சூப்பு வச்சுக் குடு."

மெரியானா தொடையோடு வீட்டுக்கு வந்தாள்.

அடுத்த ஜூனிலும் பறவை போனது, தொடை வந்தது. அதற்கடுத்த ஜூனிலும் அதேதான். பறவையைக் கொண்டுபோவது அவளுக்கு ஞாபகமூட்டல். நெவினுக்கோ அது பரிமாற்றம், அதுவும் நியாயமான பரிமாற்றம். நாலு பறவைக்கு ஒரு தொடை.

"வாயைத் திறந்து கேளு" என்றான் ஹேமி. அவன் சிப்பிப் படகில் வேலை பார்ப்பவன். கேட்கவேண்டியதைக் காற்றுக்கு மேலே கத்திக் கேட்டுப் பழகியவன்.

"கேட்டா நல்லாருக்காது."

"வருஷா வருஷம் பறவையைத் தூக்கிட்டுப் போய் அவர் வீட்டு வாசல்ல அழுமூஞ்சியா நிக்கிறது மட்டும் நல்லாருக்கா?"

அவள் கிரேன் கூண்டில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது இதை யோசித்திருக்கிறாள். உண்மையில் தனக்கு வேண்டியது அந்தச் சுற்றுதானா, இல்லை, நான் கேட்காமலே ஒருவர் அதை ஞாபகம் வைத்திருக்க வேண்டும் என்பதா? இரண்டாவதுதான் என்றால் அது கொஞ்சம் அசிங்கமான ஆசை என்று அவளுக்குப் பட்டது. ஆனாலும் மலை ரோட்டைக் குடும்பக் காரில், ஆட்டோமேட்டிக்கில், பின்னால் மூன்று பிள்ளைகளும் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டிருக்க ஏறும்போது, இல்லாத கியரைத் தேடி இடது கை டேஷ்போர்டுப் பக்கம் போகும். அது நடிப்பில்லை.

ஒரு கோடையில், ரோடு முடிந்து கடல் தொடங்கும் இடத்தில், ஒரு ஜப்பானியத் தம்பதி அவளிடம் கேமராவைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார்கள். எடுத்துக் கொடுத்துவிட்டு, ஏதோ தோன்றி, காரில் கேட்ட அந்த இரண்டு வாக்கியத்தையும் நாக்கில் வந்தபடி ஒப்பித்தாள். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். புருஷன் உடைந்த ஆங்கிலத்தில் விளக்கினான். சுங்கக் கட்டண அட்டை செருகப்படவில்லை, தயவுசெய்து கவனியுங்கள். ஜப்பானில் நெடுஞ்சாலைச் சுங்கத்துக்காகப் பொருத்திய கருவி அது. இங்கே அதற்கு ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

நெவினிடம் சொல்ல நினைத்தாள். சொன்னால் அவர் கொடுக்கவேண்டிய பாக்கியைக் குத்திக்காட்டுகிற மாதிரி இருக்குமோ என்று விட்டுவிட்டாள்.

ஏழாவது வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பறவை மாதமும் இல்லை, ஒன்றும் இல்லை, நெவின் தானாக ப்ளஃபுக்கு வந்தார். காரை அவள் வீட்டு வாசலில் நிறுத்தினார், மூக்கு மலைப் பக்கம் பார்க்க. உள்ளே வந்து உட்கார்ந்து, சாவியை மேசை நடுவில் வைத்தார். மெரியானா டீ போட்டாள். சீஸ் ரோல் சுட்டு வெண்ணெய் தடவி வைத்தாள்.

"வானம் நல்லா வெளுத்திருக்கு" என்றார் நெவின்.

"ஆமா. காத்தும் இல்ல."

"இப்படி ஒரு நாள் கிடைக்கிறது அபூர்வம்."

"அபூர்வம்தான்."

சாவி மேசையில் கிடந்தது. சாவியை எங்கேயாவது வைக்கத்தானே வேண்டும், அதனால் வைத்திருக்கிறார் என்று மெரியானா நினைத்தாள். ஒருவேளை இதற்குத்தானோ என்றும் நினைத்தாள். எடுத்துவிட்டு, அது இல்லையென்றால் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது? நெவின் இரண்டு கோப்பை டீ குடித்தார். மூன்றாவது வேண்டாம் என்றார். சாவியை எடுத்து ஒரு தடவை உள்ளங்கையில் உருட்டினார். எழுந்தார்.

"சரி, அப்ப நான் வரட்டா?"

"சரி நெவ். வந்ததுக்கு சந்தோஷம்."

வாசலில் ஜப்பான்காரி பேசினாள். சரிம்மா, பாத்துக்கறேன் என்று கேட்டது. கார் தட்டைப் பூமியைப் பார்த்துத் திரும்பிப் போனது. ஹேமி சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்று மெரியானாவைப் பார்த்தான்.

பன்னிரண்டாவது வருஷம் அவள் பறவை கொண்டுபோவதற்கு முன்பே நெவின் வந்துவிட்டார். கையில் ஊன்றுகோல். இடது இடுப்பு மூட்டு தேய்ந்துபோய் மாற்றியிருந்தார்கள். வாசலில் நின்றது சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கார், புதுசு. ஆட்டுத் தொடையை மேசைமேல் வைத்துவிட்டு அவர் உட்காரவில்லை.

"வித்துட்டேன்."

"எதை?"

"வெள்ளையை. கிளட்சை மிதிக்கிறப்பல்லாம் உயிர் போகுது. போன சனிக்கிழமை கிறைஸ்ட்சர்ச்லேருந்து ஒருத்தன் வந்து எடுத்துட்டுப் போனான்."

மெரியானா கைத்துண்டை மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நெவ்."

"நினைச்சேன். போனைக்கூட எடுத்தேன். உனக்கு மூணு புள்ளைங்க, வீட்டுச் செலவு. சொன்னா, நீயே வாங்கிக்கோன்னு கழுத்தைப் பிடிச்ச மாதிரி ஆயிடுமேன்னு விட்டுட்டேன்."

"வாங்கவா கேட்டேன்? ஒரு சுற்றுதானே கேட்டேன்."

"அப்புறம் நீ கேக்கவே இல்லையே. ஒரு நாள் சாவியைக் கொண்டாந்து உன் முன்னாலயே வச்சேன். நீ பாட்டுக்கு டீ ஊத்துன."

"ஓட்டுறியான்னு நீங்க சொல்லலையே."

"சாவியை வச்சேனே."

ஹேமி பக்கத்து அறையிலிருந்து குரல் கொடுத்தான். "பெரிசு, இதோட முழு கதையையும் நான் பன்னெண்டு வருஷமா கேட்டுட்டிருக்கேன். எனக்கு யாராவது நஷ்ட ஈடு குடுங்க."

நெவின் ஊன்றுகோலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"ஒண்ணு சொல்லட்டா. அவன்கூட விலை பேசி, கை குடுத்து முடிச்சேன். பெட்ரோல் போட பங்க் வரைக்கும் அவன் ஓட்டினான், நான் பக்கத்துல. ஊர் எல்லை தாண்டினதும் மிதிச்சான் பாரு. அந்த சத்தம்." நிறுத்தினார். "அது அத்தனை வருஷமும் அதுக்குள்ளதான் இருந்திருக்கு. நான் ஒரு தடவை கேட்டதில்ல. அப்பதான் நீ எதுக்கு மலை கேட்டேன்னு புரிஞ்சுது."

"புரிஞ்சப்புறமும் வித்துட்டீங்க."

"கை குடுத்துட்டேனே."

தனக்குக் கொடுத்ததும் கைதானே என்று மெரியானா கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் அவரே அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

வாசல்வரை கூட வந்தாள். சாம்பல் காருக்குள் எட்டிப் பார்த்தாள். கியர்க் கம்பு இருந்த இடத்தில் ஒரு திருகுக் குமிழ் இருந்தது.

"வருஷத்துக்கு ஒண்ணு" என்றார் நெவின். "பன்னெண்டு ஆச்சு."

"பதினொண்ணு. ஒரு வருஷம் நான் கடைசிப் பிரசவத்துல கிடந்தேன்."

"பதினொண்ணு." தலையாட்டினார். "இதுல வேணா ஒரு சுற்று போறியா?"

"இதுலயா?"

"இல்ல, சும்மா கேட்டேன்." அவருக்கே சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. "எப்படியாவது தீர்க்கிறேன் பொண்ணே."

"அவசரமில்ல நெவ்" என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அதற்குள் அவர் வலியோடு காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிட்டார். பட்டனை அழுத்தினார். கார் எதுவும் சொல்லவில்லை. வழக்கமாகக் காத்திருக்கும் நேரம்வரை காத்திருந்துவிட்டுத்தான் அவர் கிளம்பினார்.

பதினோரு சுற்று இன்னும் அப்படியே நிற்கிறது.