கூட்ஸ் வண்டியில் போன உத்தரவு

ஆளுக்கொரு போன் இருக்கும் காலத்தில், ஒரு காகிதத்தை எதற்குத் தண்டவாளத்தோரமாக நடந்து கொண்டுபோக வேண்டும்? ஏஞ்சலின் அக்காவைப் பற்றிக் கேள்விப்பட்டபோதுதான் எனக்கு விடை கிடைத்தது.

ஏஞ்சலின் ரயில்வேயில் கீமேன் வேலை பார்க்கிறார். கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே தினமும் தன் எல்லைக் கல் வரை நடந்து, தண்டவாளத்தின் பிடிகள் தளர்ந்திருக்கின்றனவா என்று சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். வழியிலுள்ள ரயில்வே கேட்டுகளுக்கான அலுவலகத் தபாலும் அவர் பையில்தான் போகும். எல்லைக் கல்லில் அடுத்த கீமேன் அன்புராஜ் வாங்கிக்கொள்வார். கையெழுத்து வாங்காமல் ஏஞ்சலின் எதையும் கொடுத்ததில்லை.

அன்று பையில் இருந்தது, அன்புராஜின் பாதையிலுள்ள கேட்டின் கேட்கீப்பர் பார்த்திபனைத் தேர்வுக்கு விடுவிக்கும் உத்தரவு. மதியம் இரண்டு மணிக்குச் சென்னையில் அவருக்குப் பதவி உயர்வுத் தேர்வு. மூன்று வருஷமாகப் படித்துக் காத்திருந்தார். மாற்று ஆள் காலையிலேயே கேட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் கையெழுத்துப் போட்ட உத்தரவு கைக்கு வராமல் கேட்டை ஒப்படைக்க முடியாது. தேர்வு அறையிலும் அதைக் கேட்பார்கள். போனில் அனுப்பிய படம் செல்லாது. பத்தே முக்காலுக்கு எளாவூரில் அவர் ரயில் ஏறியாக வேண்டும்.

ஏஞ்சலின் எல்லைக் கல்லை அடைந்தபோது மணி பத்து. அன்புராஜைக் காணோம். போன் போட்டால், காய்ச்சலில் படுத்திருக்கிறார் என்று அவர் மனைவி சொன்னார். கேட்டுக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர். ஜல்லியில் எவ்வளவு வேகமாக நடந்தாலும் முக்கால் மணி நேரம்.

சற்றுத் தள்ளி, வடக்கே போகும் கூட்ஸ் வண்டி சிவப்பு சிக்னலுக்கு நின்றிருந்தது. எந்த வண்டி கடந்தாலும் கேட்கீப்பர் பச்சைக் கொடியோடு வெளியே நிற்க வேண்டும். பார்த்திபனும் நிற்பார். ஏஞ்சலின் கடைசிப் பெட்டிக்கு ஓடினார்.

அதிலிருந்த வண்டியின் கார்டு, அவர் நீட்டிய காகிதத்தைக் குனிந்து பார்த்தார். "இன்னாம்மா, என்னை போஸ்ட்மேன் ஆக்கிட்டியா?"

"கேட்டாண்ட கொடி புடிச்சுக்கினு ஒருத்தர் நிப்பாரு சார். அவர் கால்ல உழுற மாதிரி போட்டுடுங்க. இன்னிக்கு அவருக்கு பரீட்சை."

தொலைந்தால் விளக்கம் கேட்டு அடுத்த தபால் ஏஞ்சலினுக்குத்தான் வரும். தெரிந்தேதான் கொடுத்தார். சாப்பாட்டுக் கவரில் உத்தரவை வைத்து, கனத்துக்கு ஒரு கல்லும் போட்டு முடிச்சிட்டார். அந்த அவசரத்திலும் தபால் புத்தகத்தை நீட்டி, கார்டிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அவர் சிரித்துக்கொண்டே போட்டார். சிக்னல் பச்சைக்கு மாறியது, வண்டி கிளம்பியது.

அதன்பிறகு ஏஞ்சலினுக்கு வேலை ஓடவில்லை. கால் மணி கழித்துப் போன் அடித்தது.

"வேலியாண்ட போய் உழுந்துச்சும்மா, எடுத்துட்டேன்," என்றார் பார்த்திபன். "கேட்டை ஒப்படைச்சாச்சு. ஸ்டேஷனுக்குப் போய்க்கினு கீறேன்."

ஏஞ்சலின் சுத்தியலை மறுபடி கையில் எடுத்தார். "நல்லா எழுதுங்கண்ணே. வரும்போது அடுத்த வருஷப் பரீட்சைக்கு நான் இன்னா படிக்கணும்னு கேட்டுக்கினு வாங்க."

உங்கள் தெருவிலும் ரயில் பாதையில் வேலை செய்யும் பெண் ஒருவர் இருக்கலாம். இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள்.