சிவப்புக் காருக்கு அடியில் இருந்த படம்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே, படியேறிப் போகும் ஒரு ஸ்டூடியோவில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. கொழும்பில் ஒரு பத்திரிகையில் பக்கம் கட்டும் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். அங்கே கற்ற படம் திருத்தும் மென்பொருள் மட்டுமே என் கையில் இருந்த தொழில். ஸ்டூடியோ முதலாளி புதுக் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, மேலே ஒரு துணியைப் போட்டு மூடியிருந்தார். அதை எப்படித் திறப்பது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கே வேலையில் சேர்ந்துவிட்டேன்.

அதுவரை அந்த ஸ்டூடியோவில் பின்னணி என்றால் ஒரு திரைச்சீலைதான். மாளிகைப் படிக்கட்டு, அதன் மேல் ஒரு பூச்சாடி, தூரத்தில் ஓர் ஏரி. அதைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு ஒரு நீலத் துணியைத் தொங்கவிட்டோம். ஆளை அதன் முன் நிறுத்திப் படம் எடுப்போம். கழுவி, ஸ்கேன் செய்து, நீலத்தை நீக்கிவிட்டு அவர் விரும்பும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவேன். விரும்பும் இடங்கள் எல்லாம் நான்கு சீடிகளில் இருந்தன. ரோஜாத் தோட்டம், கல் நீரூற்று, பனிமலை, மேகத்துக்கு நடுவே ஒரு வாசல்.

யார் எதைக் கேட்பார்கள் என்பது சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. சடங்கு வீட்டுப் பிள்ளைகளுக்கு நீரூற்றும், சுற்றிலும் சிதறும் நட்சத்திரங்களும். கல்யாண ஜோடிக்கு ஓரம் மங்கிய ரோஜா, நடுவே ஓர் ஒளிவட்டம். வீட்டு வாசலிலேயே அருவி கொட்டுகிற தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வெளிநாட்டு அருவியைக் கேட்டார்கள். நுவரெலியாப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, நடுங்கிக்கொண்டே நின்று, பனிமலையைக் கேட்டார்கள். தேயிலையை ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஒருமுறை நானே ஒரு பெண்ணுக்குப் பின்னால் நல்ல தேயிலை மலை ஒன்றைப் போட்டுக் காட்டினேன். "அத பாக்கத்தான் தெனமும் போறேனே. இங்கயும் எதுக்கு?" என்றார்.

கூந்தலின் ஓரம்தான் கஷ்டம். மயிரிழைகளுக்கு நடுவே நீலம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தால் தலையைச் சுற்றி மின்சாரம் ஓடுகிற மாதிரித் தெரியும். தலை நிறையப் பூ வைத்து வந்தவர்களை எனக்கு மிகவும் பிடித்தது அதனால்தான்.

கல்யாணத் தரகர் ஒருவர் எங்கள் நிரந்தர வாடிக்கையாளர். வெள்ளைச் சட்டை, கருப்புக் குடை, கக்கத்தில் படங்கள் நிரம்பிய பிளாஸ்டிக் பை. ஒருநாள் தபாலட்டை அளவில் ஒரு படத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"தம்பி, ஆளு மட்டும் இருக்கட்டும். பின்னால கொழும்பு மாதிரி ஒண்ணு வைங்க."

"சீடியில கொழும்பு இல்லீங்களே."

"வெளிநாடு இருக்கில்ல? அது போதும்."

மரங்கள் வரிசையாக நிற்கும் ஒரு தெருவில், பளபளக்கும் சிவப்புக் காரின் பக்கத்தில் அந்த ஆளை நிறுத்தினேன். ஏற்கனவே ஏழெட்டுப் பேரை அந்தக் காரின் பக்கத்தில் நிறுத்தியிருந்தேன். தரகர் திருப்தியோடு எடுத்துக்கொண்டு போனார். நானும் மறந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தாய் தேயிலைக் கொழுந்து எடுப்பவர். மகள் தோட்டப் பாடசாலையில் டீச்சர், நியமனம் கிடைத்து இரண்டு வருடம். மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கப் பெண்ணின் படம் எடுக்க வேண்டும் என்றார் தாய். நான் விளக்குகளைப் போட்டுக்கொண்டிருந்தபோது, சுவரில் மாதிரிக்கு மாட்டியிருந்த படங்களை டீச்சர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒன்றின் முன் நின்றார். கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து அதன் பக்கத்தில் பிடித்தார்.

"அண்ணே, இது ரெண்டும் ஒரே காருதானே?"

சுவரில் இருந்தது வேறொரு இளைஞன். கையில் இருந்தது தரகரின் ஆள். கார் ஒன்றேதான்.

"மாப்பிள்ளைக்குக் கொழும்புல கடையாம். கடைத் தெருவுல நின்னு எடுத்த படம்னு தரகர் சொன்னாரு," என்றார் டீச்சர்.

"தெருவுல யாரு காரு வேணும்னாலும் நிக்கும்," என்றார் தாய்.

"ஸ்டியரிங்கப் பாருங்கம்மா. இடது பக்கம் இருக்கு. நம்ம நாட்டுல எங்க இருக்கு அப்புடி காரு?"

நான் எட்டிப் பார்த்தேன். கண்ணாடி வழியாகத் தெளிவாகத் தெரிந்தது. மூன்று வருடம் பத்திரிகையில் படத் தவறு பிடிப்பதற்குச் சம்பளம் வாங்கியவன் நான். அத்தனை பேரை நிறுத்தியும் அது என் கண்ணில் படவில்லை.

"என் வேலைதான் டீச்சர்," என்றேன். "தெரு சீடியில இருந்தது. காரும் அப்படித்தான்."

அவர் கோபப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். அவருடைய நியமனம் மத்திய மாகாணத்துக்கு. மாகாணத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் இடமாற்றம் கேட்கலாம். கொழும்பு வேறு மாகாணம். அங்கே வாழப் போவதென்றால் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவதென்று முடிவு செய்திருந்தார்.

"ஆளு பாக்க நல்லாத்தான் இருக்காரு. கொழும்புதான் வேணாம். கொழும்பே பொய்யின்னா, இவரு உண்மையில எங்க நிக்கிறாரு? கம்ப்யூட்டர்ல பழைய படம் இருக்குமா அண்ணே?"

இருந்தது. எதையும் அழிக்காமல் வைப்பது பத்திரிகைப் பழக்கம். ஆனால் முதலாளி உள்ளேயிருந்து வந்து நின்றார்.

"ஒருத்தர் படத்த இன்னொருத்தருக்குக் காட்டுறதில்லீங்க டீச்சர். கடை வழக்கம்."

"இவர் படத்த எனக்குக் காட்டியாச்சே முதலாளி. மிச்சத்தத்தான் கேக்கறேன்."

முதலாளி என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். "நான் ஒரு டீ குடிச்சிட்டு வாறேன்," என்று படியிறங்கிப் போய்விட்டார்.

பத்திரிகையில் சேர்ந்த புதிதில், ஒரு கூட்டத்தில் பேசியவரின் தலைக்குப் பின்னால் நின்ற விளக்குக் கம்பத்தை அழகுக்காக அழித்துவிட்டேன். பக்கப் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டது ஒரே கேள்விதான்: "கம்பம் அங்க இருந்துச்சா, இல்லியா?" இருந்தது என்றேன். திரும்ப வைக்கச் சொன்னார். ஸ்டூடியோவுக்கு வந்த பிறகு நூற்றுக்கணக்கான கம்பங்களை அழித்திருந்தேன். அந்தப் படங்களை நம்பி யாரும் ஒரு முடிவு எடுக்க வேண்டி வந்ததில்லை.

கோப்பைத் திறந்தேன். அந்த மென்பொருளில் படம் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள்கள் மாதிரி இருக்கும். ஒவ்வொரு தாளுக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு கண் வரைந்திருக்கும். கண்ணை அழுத்தினால் அந்தத் தாள் மறைந்துவிடும். காரையும் தெருவையும் மறைத்தேன். அடியில் இருந்த படம் வந்தது.

அதே ஆள், அதே வெள்ளைச் சட்டை. கார் மறைத்திருந்த காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு கேரட் குவியல், சீமெந்துத் தொட்டி, கை நனையக் கேரட் கழுவும் நான்கைந்து பேர், ஒரு லொறியின் பின்பகுதி. தொட்டியிலிருந்து ஒரு பெண் அவர் மேல் கேரட் ஒன்றை வீசியிருந்தார். அது அவர் தோளுக்குப் பக்கத்தில் காற்றில் நின்றது. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அதற்கானது. காருக்குப் பக்கத்தில் அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்து என்றே தெரியாமல் இருந்தது.

"கேரட்டா?" என்றார் தாய். "டீச்சருக்குக் காய்கறிக்காரனயா கொண்டாந்தாரு அந்த மனுசன்?"

டீச்சர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அந்தப் பலகைய இன்னும் கொஞ்சம் பெருசாக்குங்கண்ணே."

பெரிதாக்கினேன். தொட்டிக்கு மேலே சிங்களத்திலும் தமிழிலும் எழுதியிருந்தது: கந்தப்பளை. படத்தின் மூலையில் கேமரா பதித்த தேதி, மூன்று மாதத்துக்கு முந்தையது.

"கந்தப்பளை நம்ம மாவட்டம்தாம்மா."

"அப்ப கொழும்புக் கடை?"

"இல்லாட்டி நல்லதுதானே."

தாய் என் பக்கம் திரும்பினார். "இவள பாருங்க தம்பி. பொய் சொல்லிட்டாங்கன்னா ஊர்ல எல்லாரும் சண்டைக்குப் போவாங்க. இவளுக்குச் சிரிப்பு வருது."

"சண்டையும் இருக்கும்மா. பொய் சொன்னது தரகரா, அவரான்னு தெரியட்டும். அவருன்னா கந்தப்பளையும் வேணாம்."

கேரட் படத்தில் ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தேன். டீச்சரின் படத்தையும் எடுத்தோம். பின்னணி என்ன என்று கேட்டதற்கு, பிறகு சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் இருவரும் வந்தபோதுதான் ஞாயிற்றுக்கிழமைக் கதை முழுதாகத் தெரிந்தது. மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தரகர் மூவரும் வந்திருக்கிறார்கள். வடைத் தட்டு வைத்தவுடன் டீச்சர் நேராகக் கேட்டிருக்கிறார்: "கொழும்புல உங்க கடை எந்தத் தெருவுல?"

"அவரு தரகரப் பாத்தாரு. தரகரு வடையப் பாத்தாரு," என்றார் தாய்.

"எனக்குக் கொழும்புல கடை ஏதும் இல்லீங்க," என்றிருக்கிறார் மாப்பிள்ளை. "கேரட் போடறேன், லீக்ஸ் போடறேன். வாரத்துல ரெண்டு தரம் லொறி கொழும்புக்குப் போகும். லொறியும் என்னுது இல்ல. டீச்சருக்குப் புடிக்கலேன்னா சொல்லிருங்க, டீய குடிச்சிட்டுப் போறோம்."

டீச்சர் கார்ப் படத்தை எடுத்து நீட்டியிருக்கிறார். மாப்பிள்ளை அதைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். "சட்டை என்னோடதுதான்," என்றாராம். அதைச் சொல்லும்போது டீச்சருக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது.

தரகர், இவர்கள் வருவதற்கு முந்தின நாளே ஸ்டூடியோவுக்கு வந்து என்னிடம் சண்டை பிடித்திருந்தார். "டீச்சர் வீடு, காய்கறின்னு சொன்னா கதவையே தொறக்க மாட்டாங்கன்னு நெனச்சேன் தம்பி. நீங்க இப்படி என்னைய வடைத் தட்டுக்கு முன்னால உக்கார வச்சிட்டீங்களே." சண்டை முடிந்ததும் பையிலிருந்து இன்னொரு ஆளின் படத்தை எடுத்தார். "இவருக்கு ரோஜாப்பூ போடுங்க. போட்டுட்டு, அடியில இருக்கறத என் கண்ணு முன்னால அழிச்சிருங்க."

டீச்சர் அன்றைக்கு வந்தது தன் படத்துக்காக இல்லை. அதை நீலத் துணியோடேயே கேட்டு வாங்கிக்கொண்டார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கந்தப்பளைப் பக்கம் டீச்சர் போதாத பாடசாலைகள் எவை என்று விசாரித்து வரும்படி மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார். பஸ் போகும் நேரம் உட்பட மூன்று பாடசாலைகளின் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறார் அவர்.

"உங்ககிட்ட தமிழ் டைப்பிங் இருக்கில்ல அண்ணே? மாற்றத்துக்கு ஒரு விண்ணப்பம் அடிக்கணும்."

பத்திரிகைக் காலத்து எழுத்துருக்கள் கம்ப்யூட்டரில் இருந்தன. அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். வலயக் கல்விப் பணிப்பாளருக்கு, ஐயா, பணிவுடன் என்று போயிற்று. 'பணிவுடன்' இரண்டு தடவை வந்துவிட்டதென்று ஒன்றை எடுக்கச் சொன்னார். மாற்றம் கோருவதற்கான காரணம் என்ற இடத்தில் நிறுத்தினேன்.

"திருமணம்னு போடுங்க."

"இன்னும் நாளே குறிக்கலடி," என்றார் தாய்.

"இந்த லெட்டர் அங்க போய், அவங்க பார்த்து, பதில் வர எப்படியும் ஆறு மாசம் ஆகும்மா. நீங்க நாளக் குறிங்க. அண்ணே, நீங்க அடிங்க."

அடித்தேன். தாய் என் தோளுக்கு மேலாகக் குனிந்து, திரையில் அந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று விரலால் காட்டச் சொன்னார்.