படத்தில் என் மூச்சு மட்டும்

மட்டாஞ்சேரியில் பழைய மிளகுக் கிடங்கு ஒன்றை இரண்டாகத் தடுத்து, பின்பாதியை ஒலிப்பதிவுக்கூடமாக்கியிருந்தார்கள். சினிமாப் பின்னணி இசைக்கு வயலின் வாசிக்க அங்கேதான் போவேன். வயலின் கூட்டம் மொத்தமும் கம்ப்யூட்டருக்குள் இருக்கும். அதன்மேல் ஒரே ஒரு நிஜ வயலினை ஏற்றிவிட்டால் எல்லாமே நிஜம் என்று காது நம்பிவிடும். அந்த ஒன்று நான். குழம்பில் போடும் கறிவேப்பிலை.

என் வீட்டுக்காரருக்குப் பஜாரில் அரிசிக்கடை. என் வாசிப்பு அவருக்கு இரைச்சல். ஒரு படத்துக்கு வாசிக்கக் கூப்பிட்டபோது, "இந்தப் படத்துல நீ வாசிச்சது என் காதுல விழட்டும், பார்க்கலாம். இல்லேன்னா பெட்டியை மூடி வச்சிட்டு கடைக்கு வந்து உட்காரு" என்றார். ரோஷத்தில் சரி என்றேன்.

ஒரு தாய் மகனின் உடலைப் பார்க்கும் காட்சி. உயிரைக் கொடுத்து வாசித்தேன். இசையமைப்பாளன் சின்னப் பையன்தான். கண்ணாடிக்கு அப்பாலிருந்து கட்டைவிரலை உயர்த்தினான்.

எல்லாம் சேர்த்து முடித்ததும் கேட்கக் கூப்பிட்டான். தந்தியில் வில் விழுமுன் நான் இழுத்த மூச்சு இருந்தது. என் நாற்காலி கிறீச்சிட்டதுகூட இருந்தது. அதன்பின் ஒலித்தது முழுக்கக் கம்ப்யூட்டர்.

"என் வாசிப்பு எங்கேப்பா?"

"சேச்சி, தப்பா ஒண்ணும் தோணக்கூடாது. சேச்சி வாசிச்சதுல அழுகை ஜாஸ்தின்னு டைரக்டர் சொல்லிட்டார். பட்சே அந்த மூச்சு அடிபொளி! அதை வச்சப்புறம்தான் மெஷினுக்கே உயிர் வந்தது."

பாராட்டு வேறு! இவன் வாயில் மண்ணைப் போட. கொடுத்த சாயாவைக் குடித்துத் தொலைத்தேன். வீட்டில் மூச்சுவிடவில்லை.

படம் வந்ததும் வீட்டுக்காரர் என்னை எர்ணாகுளத்துக்கு அழைத்துப் போனார். கல்யாணமான நாளிலிருந்து என் வில்லைத் திட்டிக்கொண்டே கேட்டவர். இது நானில்லை என்று ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்.

அந்தக் காட்சி வந்தது. மூச்சு, கிறீச், பிறகு கம்ப்யூட்டர். பக்கத்தில் அவர் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தார். "இனிமே நீ தாராளமா போய் வாசி. நான் வாயே திறக்க மாட்டேன்."

நான் தலையாட்டினேன்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது, ஆசையாகத்தான் கேட்டார்: "ஆனா இத்தனை வருஷத்துல வீட்டுல ஒரு நாளாவது இப்படி வாசிச்சிருக்கியா நீ?"