கருவாட்டுக் குழம்புக்குச் சிரித்தவர்கள்

கல்லூரி மேடையில் முதன்முதலாக மைக்கைப் பிடித்தபோது, நடிகைகளின் குரலில் பேசுவதற்காகத்தான் போனேன். ஒரு வாரம் பயிற்சி. மேடையேறியதும் எந்தக் குரலும் வரவில்லை, என் குரல் உட்பட.

நடுவராக இருந்த மேடம் இரக்கப்பட்டு, "ஏம்மா இவ்ளோ லேட்டா வந்தே, அதயாவது சொல்லு" என்றார்.

சொன்னேன். எண்ணூரிலிருந்து வருகிறேன், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்து நிற்கின்றன, பின்னால் எங்கள் பஸ். "ஒரு டிரைவரு லாரிக்கு அடியில ஸ்டவ்வு வச்சி கருவாட்டுக் கொயம்பு கொதிக்க வச்சிகினு இருந்தாரு மேடம். அவரு துன்னுட்டு, தட்டு கய்வி வச்சப்பறம்தான் பஸ்ஸு நவுந்துச்சி."

அரங்கமே அதிர்ந்தது. ஒரு பெண் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்தாள். துப்பட்டா கிழிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். நான் ஜோக் எதுவும் சொல்லவில்லை. தாமதத்துக்குக் காரணம் சொன்னேன், அவ்வளவுதான். சிரிப்பு கருவாட்டுக்கா, நான் பேசும் தமிழுக்கா என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகத் தெரியாது. முதல் பரிசு கொடுத்தார்கள்.

அதிலிருந்துதான் என் பிழைப்பு ஆரம்பித்தது. வேறு கல்லூரிகள் கூப்பிட்டன. பிறகு கம்பெனி விழாக்கள், கல்யாண வரவேற்பில் பாட்டுக்கு நடுவே பத்து நிமிடம். எங்கே போனாலும் கடைசியில் லாரிக் கதைதான். போகப்போக அந்த டிரைவருக்கு லுங்கி கொடுத்தேன், முதுகில் வேர்க்குரு கொடுத்தேன். முகம் மட்டும் கொடுக்கவில்லை. அன்றைக்கு பஸ் ஜன்னலிலிருந்து அவருடைய முதுகைத்தான் பார்த்திருந்தேன்.

என் அப்பாவும் கன்டெய்னர் லாரி டிரைவர். வீட்டில் வந்து படுப்பார், சாப்பிடுவார், போவார். நான் மேடையில் பேசுவது அவருக்குத் தெரியும். என்ன பேசுகிறேன் என்று கேட்டதில்லை.

ஒரு பொங்கலுக்கு எங்கள் தெருப் பையன்கள் சாயங்காலம் மேடை போட்டு என்னைப் பேச வைத்தார்கள். அப்பாவும் அன்று ஊரில் இருந்தார், கூட்டத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றார். ஊரெல்லாம் கைதட்டிய கதை, சொந்தத் தெருவில் கேட்கவா வேண்டும் என்று நேராக அதையே எடுத்தேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த அக்கா பக்கத்திலிருந்தவளிடம் கேட்டது மைக்கிலேயே விழுந்தது: "லாரி நின்னா சோறாக்காம இன்னா பண்ணுவாங்கோ?"

அப்போதுதான் அப்பா குரல் கொடுத்தார்.

"அந்த பஸ்ஸுல இருந்தவங்கள பத்தி சொல்லலியே நீ."

எல்லோரும் திரும்பினார்கள். அப்பா நின்ற இடத்திலேயே ஒரு பயணியாக மாறினார். வாட்சைப் பார்த்தார், லாரியை முறைத்தார், மறுபடி வாட்சைப் பார்த்தார். முறைத்தால் லாரி நகர்ந்துவிடும் என்பதுபோல. தெரு சிரிக்க ஆரம்பித்தது. அடுத்து தோளில் கிடந்த துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பொத்தியபடியே எச்சிலை விழுங்கினார்.

"ஒரு பொண்ணு. நாத்தம் தாங்கலன்னு மூக்க மூடிக்கிது, ஆனா கண்ணு கொயம்ப வுட்டு நவுரல. தட்டு கய்வி வச்சிட்டு யார்ரா இதுன்னு திரும்பிப் பாத்தா, எம் பொண்ணு! ஒரு வாய் துன்னுட்டுப் போ கண்ணுன்னு எய்ந்தேன். அவ்ளோ நேரம் நவுராத பஸ்ஸு, அப்பப் பாத்து பூடுச்சி!"

கிழவர்கள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். அம்மா முந்தானையில் கண்ணைத் துடைத்தாள். சென்னை முழுக்க நான் சொல்லிக்கொண்டு திரிந்த அந்த முதுகு என் அப்பாவுடையது. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, இந்த மனிதருக்குச் சிரிக்க வைக்கத் தெரியும் என்பது.

வீடு திரும்பும்போது கேட்டேன். "ஏன் நைனா அன்னிக்கே சொல்லல?"

"நான் வூட்டுக்கு வரசொல்ல நீ தூங்கிட்ட. அப்பால மறந்துட்டேன். இன்னிக்கி நீ கருவாடுன்னு சொன்னப்பதான் நெனப்பு வந்துச்சி."

"இன்னொருவாட்டி செஞ்சி காமி."

"இன்னாத்துக்கு? சிரிச்சாங்கோ, முடிஞ்சிச்சி."

அடுத்த மாதம் ஒரு கம்பெனி விழாவில் கதையின் முடிவை மாற்றினேன். சமைத்தவர் என் அப்பா என்று சொன்னேன். சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் சட்டென்று அடங்கியது. யாரோ "ச்சோ" என்றார்கள். பரிதாபம்! அப்பாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது, எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மிச்ச நேரத்தில் என்ன பேசினேன் என்றே தெரியவில்லை. பஸ்ஸுக்குள் இருந்தவர்களிடமிருந்து கதையைத் தொடங்கினால்தான் சரியாக வரும் என்று புரிய நிறைய மேடைகள் ஆயின. இப்போது மூக்கைப் பொத்திய பெண்ணாக நானே வருகிறேன்.

மறு பொங்கலுக்கும் மேடைக்குக் கூப்பிடத் தெருப் பையன்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் எழுந்து நின்றேன். அவர்கள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "நைனா கீறாரா?" என்றார்கள்.

நைனா, அன்றைக்கு லோடு இருக்கிறது என்று சொல்லி அவர்களை அனுப்பிவிட்டார். பொங்கலன்று சாயங்காலம் வீட்டில்தான் இருந்தார்.