கட்டிலருகே நின்று அழுதேன்

செண்பகத்தோப்பில் மாங்காய் பறிக்க ஏறிய என் கணவர், கிளை முறிந்து கீழே விழுந்தார். முதுகெலும்பில் அடி, இரண்டு கால்களும் அசையவில்லை. "பயிற்சியை விடாம செய்யுங்க. ஆறு மாசம் கழிச்சுத்தான் எதுவும் சொல்ல முடியும்" என்று சொல்லி, இராஜபாளையம் டாக்டர் எங்களை வீட்டுக்கு அனுப்பினார்.

மடவார் வளாகத்தில் எங்களுக்கு ஒற்றை அறை வீடு. பிரெட்டும் ஆப்பிளுமாகப் பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும், அவர் கட்டிலருகிலேயே நின்று, "இனி எங்க நடக்கப் போறாவ!" என்று அழுதேன். அழுதால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்தது.

ஒருநாள் அவர் கஞ்சியைத் தொடவில்லை. பயிற்சியும் வேண்டாம் என்றார்.

"ஏன் இப்படிப் படுத்துதீய?" என்று கத்தினேன்.

சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "ஏட்டி, நான் நடக்க மாட்டேன்னு ஊருக்கே சொல்லிட்ட. பொறவு இதெல்லாம் எதுக்கு?"

டாக்டர் சொல்லாததை நான்தான் சொல்லியிருந்தேன், அதுவும் அவர் காதுபடவே.

மூன்று மாதமாகியும் கால் அசையவில்லை. அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் இப்போது யார் வந்து விசாரித்தாலும் நான் பதில் சொல்வதில்லை. கட்டில் பக்கம் நாற்காலியைப் போட்டு, "அவியகிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் நகர்ந்துவிடுகிறேன்.

நேற்று யாரிடமோ அவர் சொல்வது கேட்டது: "இன்னைக்கும் அசையல. நாளைக்குப் பாப்போம்."